பெரியவர்களுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும் முறை

கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கும் தினமும் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் மருந்து கன்னத்தில் வழிந்துவிட்டால் விட்டும் பயனில்லை.

1. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். எந்த மருந்து, எந்தக் கண் என்று லேபிளைப் படியுங்கள். பார்வை மங்கியவர் தானே விட்டுக்கொள்வதென்றால், காலை பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு பாட்டிலுக்கு இரண்டு, தடவியே கண்டுபிடிப்பார். ப்ரெட்னிசலோன் அசிடேட் போல அடியில் வெள்ளையாகப் படியும் மருந்தை நன்றாகக் குலுக்குங்கள். இல்லாவிட்டால் மேலே தெளிந்த நீர்தான் விழும்.

2. பீளை இருந்தால் சுத்தமான ஈரப் பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு.

3. படுக்க வையுங்கள். வயதானவரை அண்ணாந்து பார்க்கச் சொன்னால் கழுத்தும் வலிக்கும், தலையும் சுற்றும்.

4. கன்ன எலும்பில் விரலை ஊன்றிக் கீழிமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை போல ஒரு குழி தெரியும். மேலே பார்க்கச் சொல்லிவிட்டு அதில் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்குமேல் இடமில்லை. இரண்டாவது சொட்டு வழியத்தான் செய்யும். கை நடுங்கினால் மணிக்கட்டை அவர் நெற்றியில் தாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில் நுனி இமையிலோ முடியிலோ படக்கூடாது, பட்டால் கிருமி உள்ளே போய்விடும்.

5. பலரும் விட்டுவிடும் படி இதுதான். கண்ணை இறுக்காமல் மூடச் சொல்லி, மூக்கோரக் கண்முனையை விரலால் 2 நிமிடம் லேசாக அழுத்துங்கள். அங்கிருந்து மூக்குக்குள் ஒரு குழாய் போகிறது. அதன் வழியே டிமோலால் போன்ற கிளாக்கோமா மருந்து ரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பு குறையலாம், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பு வரலாம். புதிதாக ஆபரேஷன் செய்த கண்ணானால், அழுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறுங்கள். உடனே விட்டால் முதல் மருந்தை அது அடித்துக்கொண்டு போய்விடும். களிம்பு எப்போதும் கடைசியில்.

திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். பெரும்பாலானவற்றை 4 வாரத்தில் மாற்ற வேண்டும். கிளாக்கோமா மருந்து பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும். "ஒண்ணும் தெரியலையே" என்று அவரே நிறுத்திவிடுவார், கவனம்.

ஆபரேஷன் செய்த கண்ணில் வலியும் சிவப்பும் கூடினால், பார்வை திடீரென மங்கினால், மின்னல் போல வெளிச்சமோ திரை விழுந்ததுபோலவோ தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.