பூங்காவைச் சுற்றுத் தெருக்களோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா நகரங்களில் பூங்காச் சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கப்பட்டவுடன் அந்தப் பணம் பெரும்பாலும் மதிற்சுவருக்கு உள்ளேயே செலவாகிவிடுகிறது. நடைபாதைக் கல் மாறுகிறது, நீரூற்று வருகிறது, வண்ண விளக்குகள் எரிகின்றன. ஆனால் மூன்று தெரு தள்ளி வசிக்கும் முதியவர் அந்த வாசலை எப்படி வந்தடைவார் என்ற கேள்வி திட்ட அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

முதல் தவறு வரைபடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பூங்காவை நடுவில் வைத்து வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் வீடுகளையெல்லாம் நடந்துவரும் தொலைவில் இருப்பவையாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மூன்று வேலி, அதாவது ஏறக்குறைய 20 ஏக்கர் பரப்புள்ள சதுரமான பூங்கா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் சுமார் 285 மீட்டர் இருக்கும். கீழ்ப்புறத்தின் நடுவில் ஒரே ஒரு வாசல் இருந்தால், மேல்புற மதிலின் நடுப்பகுதியை ஒட்டியே வீடு கட்டியிருப்பவர்கூட மதிலைச் சுற்றிக்கொண்டு 570 மீட்டர் நடந்தாக வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் முதியவருக்கு அது ஒன்பது, பத்து நிமிடம் பிடிக்கும். திரும்பி வரவும் அதே அளவு நடக்க வேண்டும். மாடியிலிருந்து பார்த்தால் பூங்கா மரங்கள் தெரியும், ஆனால் பூங்கா அவருக்குத் தொலைவில்தான் இருக்கிறது.

ஒரே வாசல் போதும் என்பதற்கு, கட்டணச் சீட்டு கொடுக்க வேண்டும், காவலாளி ஒருவர்தான் இருக்கிறார் என்று காரணம் சொல்கிறார்கள். எங்கள் பகுதிப் பூங்காவிலும் பின்புறக் கதவு ஒன்று உண்டு. பூட்டிய பூட்டு துருப்பிடிக்கும் வரை அது திறக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. சந்துகள் மதிலில் வந்து முட்டும் இடங்களில் சிறு வாயில்களை அமைத்து, நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வரும் காலையிலும் பிள்ளைகள் விளையாட வரும் மாலையிலும் மட்டுமாவது திறந்து வைக்கலாம். பொது இடம் நாற்புறமும் திறந்திருப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று திருவாரூரில் சொல்லும் கமலாலயத்துக்கு நான்கு கரைகளும் ஊரோடு சேர்ந்தவைதான்.

எல்லா மதிலையும் உடைத்துவிடலாம் என்பதும் தவறு. தஞ்சாவூர்ச் சிவகங்கைப் பூங்கா 1870களில் உருவானது. அகழி சூழ்ந்த சிறுகோட்டைக்குள், பெரிய கோயிலுக்கு அருகில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உள்ளன. இத்தகைய இடங்களில் இருக்கும் வாசலுக்கு வரும் வழியைச் சீராக்குவதே நடக்கக்கூடிய வேலை.

அந்த வழி பெரும்பாலும் வாசலுக்கு முன்னேதான் அடைபட்டுக் கிடக்கிறது. நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியதாகச் சொல்வார்கள். பூங்கா வாசலில் நிற்கும் கார்கள் யாருக்காகவும் விலகுவதில்லை. நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும், அதன் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும் இந்தியச் சாலைகள் பேராயத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஒன்றரை அடி உயரத்துக்கு நடைபாதை கட்டினால் மக்கள் அதைத் திண்ணையாக்கிக்கொண்டு, நடப்பதற்குச் சாலையில் இறங்கிவிடுவார்கள். இருசக்கர வண்டிகளைத் தடுக்க வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடும் இரும்புக் குழாய்கள் சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. வண்டிகளைக் காவலாளி பார்த்துக்கொள்ளட்டும், நாற்காலி உள்ளே போக வேண்டும் என்பதே என் கருத்து.

டெல்டாவுக்கே உரிய பெரிய தவறு வாய்க்காலை நடைபாதையாக்குவது. ஊருக்குள் ஓடும் வாய்க்கால்களின் கரைகள்தாம் பூங்காவையும் தெருக்களையும் இணைக்க இயல்பாக அமைந்த பாதைகள். மேடு பள்ளம் குறைவு, வண்டிப் போக்குவரத்தும் குறைவு. அந்தக் கரையைச் சீராக்குவதை விட்டுவிட்டு வாய்க்காலின் மேலேயே கான்கிரீட் பலகை போட்டு மூடினால், முதல் ஆண்டில் பாதை அழகாகத்தான் இருக்கும். பிறகு உள்ளே தூர் வார வழியில்லாமல் சேறும் குப்பையும் சேர்ந்து, ஐப்பசி அடைமழையில் நீர் வடிய இடமின்றித் தெருவுக்கும் வீடுகளுக்கும் ஏறிவிடும். பூங்காக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை இப்படி மூடினால் குளமும் வறண்டுபோகும். தஞ்சையில் சேவப்பநாயக்கன் ஏரி நீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்த பழைய அமைப்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் ஒரு துறையிடமும் தெரு நகராட்சியிடமும் இருப்பதால், இரண்டின் ஒப்புதலையும் பெறாமல் தொடங்கிய வேலை பாதியில் நின்றுவிடும். காலமும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படுவதால், கரை வேலைகளை மாசிக்கும் வைகாசிக்கும் இடையே முடித்தாக வேண்டும்.

பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். சாலை உயர உயர வாசல் பள்ளமாகி, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் பூங்காவுக்குள் போக வேண்டியிருக்கும்.

வரும் வழியில் நிழல் இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் மாலை ஐந்து மணிக்கும் யாரும் வர மாட்டார்கள். அலங்காரப் பனைகளை விட்டுவிட்டு புங்கன், மருது, வேம்பு நடலாம். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை நினைத்து, வேர் பரவுவதற்கு மண் விட்டே நட வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசுவது மரத்தைக் கொல்லும் வேலை. வாசலோரச் சுண்டல், கடலை வண்டிகளை ஒட்டுமொத்தமாக அகற்றுவதும் சரியன்று; இருட்டியபின் தனியே திரும்பும் பெண்களுக்கு அந்த வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் துணையாக இருக்கின்றன. தெருவோர வணிகர்களுக்கு இடம் வகுக்க 2014ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலைநாள் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் நடத்தினால், பூங்காவுக்கு ஏற்கெனவே காரில் வருபவர்களே அங்கும் வருவார்கள். வராதவர்களை ரேஷன் கடை வரிசையிலும் பள்ளி வாசலிலும் சந்தித்துத்தான் கேட்க வேண்டும். அவர்களுள் இருவர் மூவரை அழைத்துக்கொண்டு, கனமழை பெய்த மறுநாள் காலையில் அவரவர் வீட்டு வாசலிலிருந்து பூங்கா வரை பொறியாளர் ஒருமுறை நடந்து, தண்ணீர் தேங்கிய இடங்களையும் சாலையைக் கடக்கத் தயங்கி நின்ற இடங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்ட பிறகு மதிப்பீட்டைத் தயாரிக்கலாம்.