கணவர் புனேயில், நீங்கள் மதுரையில்: அவர் மறுத்தால் விவாகரத்து பெறுவது எப்படி?

"அவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார்" என்று பல பெண்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர் கையெழுத்து தேவைப்படுவது பரஸ்பர சம்மத மனுவுக்கு மட்டும்தான். அவர் மறுத்தாலும் நீங்கள் தனியாக வழக்குப் போடலாம். இங்கே சொல்வது 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி.

படி 1: காரணத்தை முடிவு செய்யுங்கள்

கொடுமை, தகாத உறவு, குறைந்தது 2 வருடம் தொடர்ந்து கைவிட்டிருப்பது போன்றவை 13-வது பிரிவில் உள்ளன. "ஒத்துப்போகவில்லை" என்று மட்டும் சொன்னால் குடும்பநல நீதிமன்றத்தில் எடுபடாது. வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவச் சீட்டுகள், போலீஸ் புகார் நகல் எல்லாவற்றையும் இப்போதே தேதிவாரியாக எடுத்து வையுங்கள்.

படி 2: எந்த ஊர் கோர்ட்?

வழக்கின் பாதி அலைச்சலைத் தீர்மானிப்பது இதுதான். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இப்போது இருக்கும் ஊர் ஆகியவற்றில் எங்கும் மனு போடலாம். மனு போடுபவர் மனைவி என்றால், அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். 2003-ல் வந்த திருத்தம் இது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? மதுரை கோர்ட்டே போதும். கணவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 3: சம்மன்

புனே முகவரியைச் சரியாகக் கொடுங்கள். சம்மனை வாங்க மறுத்தால், கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆளே அகப்படாவிட்டால் அனுமதி வாங்கிப் பத்திரிகையில் விளம்பரம் தரலாம். அதற்கும் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலேயே வழக்கு நடக்கும். அப்போதும் உங்கள் சாட்சியத்தை நீங்கள் சொல்லியாக வேண்டும். வேண்டுமென்றே தப்பான முகவரி கொடுத்து வாங்கும் தீர்ப்பு நிலைக்காது. அந்தக் குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படி 4: அவர் புனேயில் வழக்குப் போட்டுவிட்டால்

பேசாமல் இருந்துவிடாதீர்கள், அங்கே உங்கள் மேல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும். முதலில் அங்கே ஒரு வக்கீலை வைத்து ஆஜராகச் சொல்லுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்தில் டிரான்ஸ்பர் மனு போட வேண்டும். கைக்குழந்தை, வருமானமின்மை, தூரம் ஆகியவற்றை அதில் விவரமாக எழுதுங்கள்.

படி 5: செலவு

வழக்கு நடக்கும்போதே 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு: 15100-க்கு அழையுங்கள்.

தீர்ப்பு வந்தாலும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணத் தேதி குறிக்காதீர்கள்.