ஸ்விங்கிலிருந்து பீபாப்புக்கு: கோல்மன் ஹாக்கின்ஸை எந்த வரிசையில் கேட்பது

1940களில் பிறந்த வேகமான ஜாஸ் வகையான பீபாப்பைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் நேராக அதன் வேகத்துக்குள் குதித்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கோல்மன் ஹாக்கின்ஸின் 1939 முதல் 1946 வரையான பதிவுகள் வழியாக உள்ளே போங்கள். பீபாப்புக்கு முந்தைய நடன ஜாஸான ஸ்விங் காலத்தின் மாபெரும் டெனர் சாக்ஸபோன் கலைஞர் அவர். பத்து இருபது வயது இளையவர்கள் புதிதாக ஒன்றை வாசிக்க ஆரம்பித்தபோது எரிச்சல்படவில்லை, அவர்களையே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதனால் பழைய வாசிப்பும் புதியதும் ஒரே இசைத்தட்டில், மூன்று நிமிடத்துக்குள் கேட்கக் கிடைக்கின்றன.

முதலில் 'பாடி அண்ட் சோல்'. அவர் இதைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார், உங்களுக்கு வேண்டியது 1939 அக்டோபர் 11 பதிவு, ஆண்டைப் பார்த்து எடுங்கள். கேட்பதற்கு முன்னால் பாடகி பில்லி ஹாலிடே 1940இல் பாடியதை நாலைந்து முறை கேட்டு மெட்டை மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள், இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். அப்புறம் ஹாக்கின்ஸைப் போட்டு, கூடவே மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் மெட்டை ஒட்டி வருவார், பிறகு அதை விட்டுவிட்டு அடியில் ஓடும் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கார்டுக்குள்ளும் புகுந்து புறப்பட்டு, கடைசிவரை மெட்டுப் பக்கம் திரும்பவே மாட்டார். பீபாப்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தத் துணிச்சலைத்தான்.

1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி கிளப்புகளில் புது இசை உருவான காலத்தில் பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் பதிவு நடக்கவில்லை. தட்டுகளை மட்டும் கேட்டால் மாற்றம் திடீரென்று வந்ததுபோல் தோன்றுவது அதனால்தான்.

1943 டிசம்பரில் பதிவான 'தி மேன் ஐ லவ்' அடுத்தது. ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் பேஸை (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவி) தனியாவர்த்தனமாக வாசிக்கும்போது பெட்டிஃபோர்ட் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

இப்போது 1944 பிப்ரவரி. அப்போலோ இசைத்தட்டு நிறுவனத்துக்காக நடந்த இந்தப் பதிவைத்தான் பலர் முதல் பீபாப் பதிவு என்கிறார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பி ட்ரம்பெட், மேக்ஸ் ரோச் டிரம்ஸ், பேஸில் அதே பெட்டிஃபோர்ட். கில்லெஸ்பி எழுதிய 'வுடி'ன் யூ'வை ஹெட்போன் போட்டு மூன்று முறை கேளுங்கள். முதல் முறை ஹாக்கின்ஸ் மட்டும்: கார்டுகள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அவருக்குச் சிரமமே இல்லை, ஆனால் தாளத்தின் மேல் கனமாக, சீராகத்தான் நடக்கிறார். இரண்டாம் முறை கில்லெஸ்பி: வாக்கியம் நாம் எதிர்பார்க்காத இடத்தில் தொடங்கி எதிர்பார்க்காத இடத்தில் முடியும். மூன்றாம் முறை டிரம்ஸ். ஸ்விங்கில் பேஸ் டிரம்மை அடிக்கு அடி மிதிப்பார்கள், புதியவர்கள் தாளத்தை ரைடு சிம்பலுக்கு (குச்சியால் தட்டும் பெரிய உலோகத் தட்டுக்கு) மாற்றிவிட்டு மற்ற டிரம்களை நடுநடுவே திடீர் அடிகள் போட வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பதிவு, டிரம்ஸ் மங்கலாகத்தான் இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள். இதோடு அதே மாதம் பதிவான 'ரெயின்போ மிஸ்ட்'டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பாடி அண்ட் சோல்' கார்டுகள்தான், பெயர் மட்டும் வேறு. 1939 பதிவுக்கு அடுத்தே வைத்துக் கேட்டால் அவருடைய நான்கு வருடப் பயணம் தெரியும்.

1944 அக்டோபரில் பியானோவுக்குத் தெலோனியஸ் மாங்க்கைக் கூட்டிவந்தார். மாங்க்குக்கு அதுதான் முதல் ஸ்டுடியோ பதிவு. 'ஃப்ளையிங் ஹாக்' கேளுங்கள், சாக்ஸபோனை மறந்துவிட்டுப் பியானோவை மட்டும் பின்தொடருங்கள்.

சரி, இவ்வளவும் ஆன பிறகு 1946 டிசம்பரில் பதிவான 'ஐ மீன் யூ'வுக்கு வாருங்கள். மாங்க்கின் மெட்டு, ஃபேட்ஸ் நவாரோவின் ட்ரம்பெட், ஜே. ஜே. ஜான்சனின் டிராம்போன், டிரம்ஸில் மறுபடியும் ரோச். சுற்றியிருப்பவர்கள் பீபாப் தலைமுறை, நடுவில் 42 வயது ஹாக்கின்ஸ் தன் கனத்த தொனியைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல் வாசிக்கிறார். எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த பதிவு இது.