கார்டு பொள்ளாச்சியில, புள்ள கொழிஞ்சாம்பாறையில: ஊசி எங்க போடறது?

எங்க பக்கம் பாதிக் கல்யாணம் பார்டர் தாண்டித்தாங்க. எனக்கு அம்மா வீடு பொள்ளாச்சி, வாக்கப்பட்டது கேரளாவுல கொழிஞ்சாம்பாறை, ரெண்டு பிரசவமும் அம்மா வீட்டுலதான், மூணு மாசம் கழிச்சு மூத்தவள தூக்கிட்டு இங்க வந்தப்போ கையில தமிழ்நாட்டு தடுப்பூசி கார்டு. 14வது வாரத்து ஊசிக்கு போன இடத்துல "அங்க ஆரம்பிச்சதுன்னா அங்கயே போய் போட்டுக்கோங்க"ன்னுட்டாங்க. நானும் மண்டைய ஆட்டிட்டு, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு வெயில்ல பஸ் ஏறி கோபாலபுரம் வழியா போயிட்டு வந்தேன். அந்த அலைச்சலே வேண்டியதில்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அரசாங்க ஊசி அட்டவணை நாடு முழுசுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பென்டாவேலன்ட்னா, அதாவது அஞ்சு வியாதிக்கும் சேர்த்து போடற ஊசி, பொள்ளாச்சியிலயும் அதேதான் எங்க பாலக்காட்டு சித்தூர்லயும் அதேதான், எங்கயும் காசு கிடையாது, ரேஷன் கார்டு எந்த ஊருன்னு பாக்க வேண்டியதும் இல்ல. ஆனா முன்னாடி என்ன போட்டிருக்குன்னு சிஸ்டருக்கு தெரியணுமில்ல, அதுக்குத்தான் கார்டு. வாங்கின அன்னைக்கே ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் வாட்ஸப்ல அனுப்பி வெச்சுடுங்க. இப்போ யூவின்னு ஒரு ஆன்லைன் பதிவு இருக்கு, அதுல ஏத்திட்டா எந்த ஊர்ல இருந்தாலும் கணக்கு தெரியும். அதுக்கு கொடுக்கற போன் நம்பரை மட்டும் யோசிச்சு கொடுங்க, எங்க வீட்டுக்காரரு ஆஃபருக்காக வருஷத்துக்கு ஒரு சிம் மாத்தறவரு, அதனால என் நம்பர்தான்.

யாரைப் பாக்கறதுன்னா, கேரளாவுல முதல்ல உங்க வார்டு ஆஷா, அதாவது வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர், அவங்க ஜேபிஎச்என் சிஸ்டர்கிட்ட (ஊர் சுகாதார நர்ஸ்) சொல்லிடுவாங்க. தமிழ்நாட்டுல கிராம செவிலியர், இல்லேன்னா அங்கன்வாடி டீச்சர். பெரும்பாலும் புதன்கிழமைதான் ஊசி நாளு. மத்த நாள்ல போனா பிசிஜி (டிபி ஊசி), எம்ஆர் (தட்டம்மை - ரூபெல்லா ஊசி) ரெண்டுக்கும் திரும்பி வரச் சொல்ல வாய்ப்பு இருக்கு, கோச்சுக்காதீங்க, ஒரு பாட்டில்ல பல புள்ளைங்களுக்கான மருந்து இருக்கும், கலக்கினா 4 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சத்த கொட்டணும். இங்க கார்டு மலையாளத்துல இருக்கும், பயப்பட வேண்டாம், "குத்திவெப்பு"ன்னா ஊசி, "ஜனன தீயதி"ன்னா பொறந்த தேதி, இது ரெண்டும் தெரிஞ்சா ஓட்டிடலாம்.

கணக்கு இதுதான். பொறந்தவுடனே பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சக்காமாலை ஊசி. அப்புறம் 6, 10, 14 வாரம். 9 மாசம் முடிஞ்சதும் எம்ஆர், கூடவே முதல் வைட்டமின் ஏ சிரப், அந்த சிரப் பின்னாடி 6 மாசத்துக்கு ஒருக்கா 5 வயசு வரைக்கும். 16ல இருந்து 24 மாசத்துக்குள்ள பூஸ்டர், ரெண்டாவது எம்ஆர். மூளைக்காய்ச்சல் ஊசி, அந்த ஜேஇ, எல்லா ஜில்லாவுலயும் கிடையாது, நாத்தனார் புள்ளைக்கு போட்டாங்க நமக்கு விட்டுட்டாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க.

தேதி தவறிப்போச்சா? முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்துல இருந்து போடுவாங்க. திட்டுவாங்கன்னு பயந்து போகாமயே இருக்கறவங்க நிறைய பேரு, நானும் இருந்திருக்கேன், சிஸ்டரு "ஏன் அம்மிணி இத்தனை நாளு"ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க, அவ்ளோதான். ஆனா சிலதுக்கு வயசு வரம்பு உண்டு, பிசிஜி ஒரு வயசு வரைக்கும்தான், அதனால தள்ளிப்போடாதீங்க. போட்டதும் அரை மணி நேரம் அங்கயே உக்காருங்க. காய்ச்சல் வந்தா அவங்க சொல்ற அளவுக்கு பாராசிட்டமால், ஊசி எடத்துல மஞ்சளும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம். பிசிஜி போட்ட எடம் சில வாரம் கழிச்சு சின்னதா கொப்புளம் மாதிரி வந்து தானா ஆறும், அது சரியான அறிகுறிதான்.

நம்மாளுங்க கோட்டை விடறது இதுக்கு அப்புறம்தான். ரெண்டு வயசு ஊசியோட கார்ட பீரோவுல வெச்சுடறோம். 5 - 6 வயசுல டிபிடி பூஸ்டர் இருக்கு, அது டிப்தீரியா (தொண்டை அடைப்பான்), கக்குவான், டெட்டனஸ் மூணுக்கும், 10லயும் 16லயும் டிடி இருக்கு, அது டெட்டனஸ், டிப்தீரியா ரெண்டுக்கும். 2016ல மலப்புரத்துல டிப்தீரியா திரும்ப வந்து பசங்க செத்தாங்க, பத்து பதினஞ்சு வயசு பசங்களும் அதுல மாட்டினாங்க. அது பழைய காலத்து வியாதின்னு நெனச்சுட்டு இருந்தவங்கள்ல நானும் ஒருத்தி.

அடுத்தது ஸ்கூல் செக்கப். ஆர்பிஎஸ்கேன்னு புள்ளைங்க உடம்ப செக் பண்ண 2013ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம், பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும், டீம் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை, அரசு, எய்டட் ஸ்கூலுக்கு ஒரு தடவை வந்து கண்ணு, காது, பல்லு, இதயம், ரத்தசோகை, பேச்சு வளர்ச்சி எல்லாம் பாப்பாங்க. ஏதாவது இருந்தா ஒரு சீட்டு கொடுத்து விடுவாங்க, அந்த சீட்டுதான் முக்கியம், அத காட்டினா மேல்சிகிச்சை இலவசம். என் சின்னவனுக்கு கண்ணு செக்கப் சீட்டு கொடுத்து மூணு வாரம் கழிச்சு டிபன் பாக்ஸ் பையில சாம்பார் கறையோட கிடைச்சுது, அதுவரைக்கும் போர்டு தெரியலைன்னு அவனும் சொல்லல. அதனால செக்கப் எப்போன்னு கிளாஸ் டீச்சர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, அன்னைக்கு சாயந்திரமே பைய கவுத்துப் பாருங்க. பிரைவேட் ஸ்கூல் புள்ளையா இருந்தா நீங்களே பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) கூட்டிட்டுப் போங்க. பொறவி இதயக் கோளாறுன்னா கேரளாவுல ஹிருதயம் திட்டம் இருக்கு, ஆன்லைன்ல பதியணும், ஆபரேஷன் இலவசம், ஆஷாகிட்ட சொன்னாலே வழி காட்டுவாங்க.

கடைசியா ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் கொடுக்கற மாத்திரை. பூச்சி மாத்திரை ஒண்ணுல இருந்து ரெண்டு வயசுக்கு பாதி, அதுக்கு மேல முழுசு, சின்னதுங்களுக்கு பொடிச்சு தண்ணியில கலந்து கொடுக்கணும், பெரிய புள்ளைங்க மென்னு தின்னணும். இரும்புச்சத்து மாத்திரை 5 - 9 வயசுக்கு ரோஸ், பத்து வயசுல இருந்து நீலம், வாரத்துக்கு ஒண்ணு. சாப்பிட்டுத்தான் போடணும், வெறும் வயித்துல போட்டா குமட்டும், முன்ன பின்ன டீ வேண்டாம், வெளிய போறது கருப்பா இருந்தா பயப்படாதீங்க. என் மூத்தவ ஒரு வருஷம் பூரா ஜன்னல் வழியா வீசியிருக்கா, மாத்திரை நாளு காலையில அவளுக்கு இட்லி கொடுக்காம பாலோட அனுப்பினது நான்தான்னு அப்புறம்தான் உறைச்சுது, இப்போ அன்னைக்கு மட்டும் ரெண்டு தோசை சேர்த்தே போடறேன்.