பச்சையா ரெண்டு இருக்கே: அம்மோனியா பிளாண்டில் நிறம் தீட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

இரவு இரண்டு மணி இருக்கும். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் மீன் வைக்கும், அம்மோனியாவால் குளிரூட்டும் ஒரு கோல்டு ஸ்டோர். நான் மொட்டைமாடியில் கண்டென்சர் அருகே நின்றுகொண்டு வாக்கிடாக்கியில் சொன்னேன்: "தம்பி, அந்தப் பச்சை வால்வை மூடு." கீழே பிளாண்ட் ரூமில் இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "அண்ணே, பச்சையா ரெண்டு இருக்கே" என்றான். "பெரிய சக்கரம்டா" என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். மூடினான். சில நிமிடத்தில் ஆயில் சூடேறி கம்ப்ரஸர் டிரிப் ஆகி நின்றது. அவன் மூடியது ஆயில் கூலருக்குப் போகும் தண்ணீர் வால்வு. நான் மனதில் வைத்திருந்தது, பக்கத்திலேயே போகும் குறைந்த அழுத்த அம்மோனியா லைன்.

நல்லவேளை, நின்றது மிஷின் மட்டும்தான். ஆனால் விடிந்ததும் போய்ப் பார்த்தால் அவன் சொன்னது சரி. இரண்டு பச்சை. இரண்டுமே விதிப்படி பச்சை.

தண்ணீர்க் குழாய்க்குப் பச்சை என்பது பிரிட்டிஷ் முறை. பிஎஸ் 1710 என்ற தரவிதி அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவின் தரவிதியான ஏஎஸ்எம்இ ஏ13.1-ம் குளிர்விக்கும் தண்ணீருக்குப் பச்சைதான் தருகிறது. அம்மோனியா குளிரூட்டலுக்கென்று ஐஐஏஆர் என்ற அமைப்பு வெளியிட்ட தனி வழிகாட்டி ஒன்று உண்டு. அதன்படி லேபிளின் அடிநிறம் ஆரஞ்சு, அதன்மேல் கறுப்பு எழுத்தில் அம்மோனியா என்ற பெயர். திரவமாக ஓடினால் மஞ்சள் பட்டை, ஆவியாக ஓடினால் வான்நீலப் பட்டை. அழுத்தம் அதிகமானால் சிவப்புப் பட்டை, குறைவானால் பச்சை. கடைசியாக, ஓடும் திசைக்கு ஓர் அம்பு. நல்ல முறைதான். ஆனால் அதை பிரிட்டிஷ் முறைக் குழாய்களுக்கு நடுவே கொண்டுவந்து ஒட்டும்போதுதான் என் தம்பி மாட்டிக்கொண்டான்.

சிங்கப்பூரில் இந்தக் கலப்பு கொஞ்சம் அதிகம். கட்டடம் பிரிட்டிஷ் வழக்கத்தில் வளர்ந்தது, கம்ப்ரஸர் ஜப்பானிலிருந்து வந்தது, வால்வும் கன்ட்ரோலும் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தவை. நீல நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய ஜேஐஎஸ் முறையில் நீலம் என்றால் தண்ணீர். பிரிட்டிஷ் முறையில் வெளிர்நீலம் என்றால் காற்று, அமெரிக்க முறையிலும் நீலம் அழுத்திய காற்றுதான். அம்மோனியா லேபிளில் அதே வான்நீலம் ஆவி. மஞ்சளுக்கும் இதே கதி: அம்மோனியா லேபிளில் திரவம், அமெரிக்க முறையில் தீப்பற்றும் பொருள், ஜப்பானிய முறையில் வாயு. ஒவ்வொரு கான்ட்ராக்டரும் தனக்குத் தெரிந்த முறையில் தான் போட்ட லைனுக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். அவர் அளவில் அவர் செய்தது சரி. முழு பிளாண்டையும் பார்த்து, "இங்கே இந்த முறைதான்" என்று முடிவெடுக்க வேண்டியது நம் வேலை. அந்த முடிவைப் பெரிய அட்டையாக பிளாண்ட் ரூம் வாசலிலேயே மாட்ட வேண்டும். ஃபைலுக்குள் வைத்தால் இரவு ஷிஃப்டுக்கு உதவாது.

அடுத்த தவறு, நிறத்தை மட்டும் நம்பி எழுத்தை விட்டுவிடுவது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்கள் உண்டு, பெரும்பாலும் ஆண்களுக்கு. நம் பிளாண்ட் ரூம்களில் யார் வேலை செய்கிறோம்? அதிக அழுத்தம் சிவப்பு, குறைந்த அழுத்தம் பச்சை என்ற ஜோடி அவர்களை நேராகக் குழியில் தள்ளும். அதனால்தான் லேபிளின் பட்டையில் அதிகம், குறைவு என்று எழுத்திலும் போடச் சொல்கிறார்கள். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நல்ல கண்களே ஏமாறும். இன்னொன்று: நம் ஊர் ஈரக் காற்றில் அம்மோனியா கசிந்தால் வெள்ளைப் புகைபோல் மண்டிவிடும். அந்த நேரத்தில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கிற எஸ்சிடிஎஃப் (சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை) தீயணைப்பு வீரருக்கு, எட்டடி தூரத்தில் படிக்க முடியாத எழுத்து இருந்தும் பயனில்லை. குழாய் பருமனானால் எழுத்தும் பெரிதாக வேண்டும். தலைக்கு மேலே போகும் குழாயின் உச்சியில் லேபிளை ஒட்டிவிட்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் படிக்க, புறாவா?

இனி ஆயில் டிரெயின், அதாவது ஆயில் வடிக்கும் குழாய். இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அம்மோனியாவோடு மினரல் ஆயில் கலக்காது. திரவ அம்மோனியாவைவிட ஆயில் கனமானது, அதனால் பாத்திரத்தின் அடியில் போய்த் தங்கும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். வடிக்கிற குழாயில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஆயில்தானே வருகிறது என்று பழுப்பு நிறம் அடித்து ஆயில் என்று எழுதிவிடுகிறார்கள். பார்ப்பவனுக்கு அது காரில் ஆயில் மாற்றுகிற மாதிரி சாதாரண வேலையாகத் தோன்றும். வாளியை வைத்து வால்வைத் திறந்துவிட்டு, போன் வந்தால் பேசப் போய்விடுவான். ஆயில் தீர்ந்த அடுத்த நொடி அதே குழாயில் வருவது திரவ அம்மோனியா. காற்று அழுத்தத்தில் அது மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் உறைந்து வெந்துபோகும், மூச்சில் போனால் இன்னும் மோசம். அம்மோனியா பிளாண்டுகளில் அடிக்கடி விபத்து நடக்கும் வேலைகளில் ஆயில் வடிப்பதும் ஒன்று. அந்தக் குழாயிலும் ஆரஞ்சு லேபிள்தான் இருக்க வேண்டும், அம்மோனியா என்ற பெயர் முதலில், ஆயில் அதற்குப் பிறகு. கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வும் அங்கே இருக்க வேண்டும். லேபிள் அதற்கு மாற்று ஆகாது.

உப்புநீர்க் குழாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2017 அக்டோபரில் கனடாவின் ஃபெர்னி நகரத்து ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கில் மூன்று பேர் இறந்தார்கள். அம்மோனியாவால் உப்புநீரைக் குளிர்விக்கும் சில்லரின் உள்குழாயில் விழுந்த ஓட்டை வழியாக அம்மோனியா உப்புநீருக்குள் புகுந்து, உப்புநீர் லைனின் இணைப்பு பிரிந்து வெளியே வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது உப்புநீர்க் குழாய்தான். குழாயின் நிறம் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், திறப்பதற்கு முன் அழுத்தத்தைப் பார்த்து, டிடெக்டரை வைத்து, பெர்மிட்டில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்சுலேஷன் போட்ட குழாய்களில் நடக்கும் தவறு வேறு ரகம். சிங்கப்பூர்க் காற்றில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சக்‌ஷன் லைன் (கம்ப்ரஸருக்குத் திரும்பும் குளிர்ந்த ஆவிக் குழாய்) அதைவிட எவ்வளவோ கீழே ஓடுகிறது. வெற்றுக் குழாயிலோ பனி படிந்த வால்விலோ ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு மாதம் தாங்காது. சரி, கழன்று விழுகிறதே என்று சிலர் தகட்டு லேபிளை, இன்சுலேஷனின் மேல்மூடியான கிளாடிங்கில் துளை போட்டு ரிவெட் அடிக்கிறார்கள். இது பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் நாசம். அந்தத் துளை ஈரத்தைத் தடுக்கும் படலத்தையும் கிழித்துவிடுகிறது. உள்ளே போகும் ஈரம் குழாயைத் தொட்டு ஐஸாகும், இன்சுலேஷன் ஊறும், இரண்டு மூன்று வருடத்தில் கார்பன் ஸ்டீல் குழாய் வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். லேபிள் போட்ட இடத்திலேயே குழாய் ஓட்டையாவது எவ்வளவு கேவலம்! குழாயைச் சுற்றி வளைத்து மாட்டும் லேபிளோ, ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் தகடோ போதும், துளையே வேண்டாம். மொட்டைமாடியில் இருப்பவற்றுக்கு வெயில் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு வெளுத்தால் ஆரஞ்சு மாதிரி ஆகிவிடும். அம்மோனியா பிளாண்டில் அந்த இரண்டுக்கும் தனித்தனி அர்த்தம் இருப்பது உங்களுக்கே தெரியும்.

ஆடிட் வருகிறது என்றால் பெயின்ட் டப்பாவைத் தூக்குவது நம் வழக்கம். அந்த உற்சாகத்தில் பாதுகாப்பு வால்வின் டேக், சீல் கம்பி, பாத்திரத்தின் பெயர்த்தகடு, சைட் கிளாஸ், வால்வின் தண்டு எல்லாவற்றையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயின்ட் ஏறிய தண்டு அவசரத்தில் திரும்பாது. அடிப்பதற்கு முன் டேப் ஒட்டுங்கள், அவ்வளவுதான். குழாய் முழுவதையும் சிவப்பாக்கும் ஆசையும் வேண்டாம்; அதைப் பார்க்கிற எவரும் தீயணைப்புத் தண்ணீர் என்றுதான் நினைப்பார்.

குளிரூட்டும் வாயு சிலிண்டர் விஷயத்தில் பழைய ஆட்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும் சேர்த்துத்தான். ஆர்-22 என்றால் வெளிர்பச்சை, ஆர்-134ஏ என்றால் வெளிர்நீலம், ஆர்-404ஏ என்றால் ஆரஞ்சு, ஆர்-410ஏ என்றால் ரோஸ் என்று கண் பழகிவிட்டது. ஆனால் 2020-லிருந்து எல்லா சிலிண்டருக்கும் ஒரே பச்சை கலந்த சாம்பல் நிறம் என்று அமெரிக்காவின் ஏஹெச்ஆர்ஐ அமைப்பு வழிகாட்டி மாற்றிவிட்டது. தீப்பற்றும் வகையானால் கழுத்தருகே சிவப்புப் பட்டை இருக்கும். ஸ்டோரில் பழையதும் புதியதும் சேர்ந்தே நிற்கும். நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படித்துவிட்டு ஹோஸை மாட்டுங்கள்.

லேபிள் எங்கெங்கே என்பதற்கு அமெரிக்க முறை ஒரு நல்ல கணக்கு தருகிறது: வால்வு பக்கத்தில், குழாய் திரும்பும் இடத்தில், சுவருக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும், நேராக ஓடும் இடத்தில் 25 முதல் 50 அடிக்கு ஒன்று. சுவரின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த குறை. ஹாட் கேஸ் டிஃப்ராஸ்ட் (சூடான ஆவியைச் செலுத்திப் பனியை உருக்கும் முறை) உள்ள லைன்களில் அம்பைத் திருப்பி ஒட்டியிருப்பதும் உண்டு. டிஃப்ராஸ்ட் நேரத்தில், ரூமைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் பக்கம் ஓட்டம் எதிராகும் இடம் இருந்தால் இரண்டு அம்பும் வேண்டும்.

எல்லாம் ஒட்டி முடித்ததும் நாங்கள் இப்போது ஒன்று செய்கிறோம். இருப்பவர்களிலேயே புதிய ஆளை இரவில் டார்ச்சோடு அனுப்பி, திரவ அம்மோனியா சேரும் ரிசீவரிலிருந்து ஏதாவது ஒரு ரூமின் எவாப்பரேட்டர் வரை லைனைத் தேடிப் போகச் சொல்கிறோம். கூட யாரும் போகக் கூடாது, வாக்கிடாக்கியில் கேட்கவும் கூடாது. அவர் நின்று யோசிக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். போன முறை மொத்தம் பதினொரு கோடு. அதில் நான்கு, நானே லேபிள் ஒட்டிய இடங்களில் இருந்தன.