ஆஸ்திரேலியாவுல கார்ல சுத்தப் போறீங்களா? எங்க, எப்ப சாப்பிடுறதுன்னு சொல்றேன்

ராத்திரி எட்டு இருபது. அடிலேய்டுலேர்ந்து மெல்பர்ன் போற வழியில ஒரு சின்ன ஊருக்குள்ள காரை விட்டோம், பின்சீட்ல ரெண்டு பிள்ளைங்க, மாமியார், எல்லாருக்கும் நல்ல பசி. பப்ல லைட் எரியுது, உள்ள ஆளுங்க குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஆனா கிச்சன் எட்டு மணிக்கே மூடியாச்சாம். அன்னிக்கு எங்க நைட் சாப்பாடு பெட்ரோல் ஸ்டேஷன்ல வாங்குன உருளைக்கிழங்கு சிப்ஸும் ஆளுக்கு ஒரு வாழப்பழமும். மாமியார் ஒண்ணுமே சொல்லல, அதான் எனக்கு பயமா இருந்துச்சு.

நம்ம சிங்கப்பூர்ல எந்நேரமும் புளோக்குக்கு கீழ எறங்குனா ஏதாவது கெடைக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கும் எங்கயாவது ஒரு பரோட்டாக் கடை தொறந்திருக்கும், அதனால பசிச்சாதான் கடை தேடுவோம். அங்க அந்த பழக்கத்தோட போனீங்கன்னா அவ்வளவுதான். அங்க கடை எந்த நேரம் தொறந்திருக்கோ அதுதான் உங்க பசி நேரம். எந்த கடைன்னு கேக்குறதுக்கு முன்னாடி எத்தன மணிக்கு மூடுவாங்கன்னு கேளுங்க, மீதியெல்லாம் தானா சரியாயிடும்.

தோராயமா நேரக்கணக்கு இப்படி. கஃபேக்கள் காலையில ஆறு ஏழுக்கே தொறந்துடும், மதியம் ரெண்டு மூணு மணிக்கு கடையவே சாத்திட்டு போயிடுவாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு கோப்பி குடிக்கலாம்னு போனா நாற்காலிய கவுத்து வெச்சிருப்பாங்க. பப்ல மதிய சாப்பாடு 12லேர்ந்து 2, ராத்திரி 6லேர்ந்து 8, பெரிய ஊரா இருந்தா எட்டரை. சிட்னி, மெல்பர்ன் டவுனுக்குள்ள இந்த கவலை இல்ல, நான் சொல்றது ஊரவிட்டு வெளிய போனப்பறம். இன்னொண்ணு, சாயங்காலம் இருட்டுற நேரத்துல கங்காரு ரோட்டுக்கு குறுக்க பாயும், அதனாலயும் அஞ்சரை ஆறுக்குள்ள தங்குற ஊருக்கு போய் சேந்துட்டு சாப்பிடுறதுதான் புத்திசாலித்தனம். வாடகைக் கார் கம்பெனி சிலது இருட்டுனப்பறம் ஊருக்கு வெளிய ஓட்டுனா இன்சூரன்ஸ் கிடையாதுன்னு வெச்சிருப்பாங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிச்சு பாருங்க.

தூரத்தையும் லேசா நெனைக்காதீங்க. இங்கேர்ந்து கோலாலம்பூர் 350 கிலோமீட்டர், அதுக்கே வழியில யோங் பெங்ல நிறுத்தி ஒரு தடவ சாப்பிடுவோம். மெல்பர்ன்லேர்ந்து சிட்னி 880 சொச்சம். அடிலேய்டுலேர்ந்து பெர்த் 2,700 கிலோமீட்டர், நடுவுல நல்லார்பார்னு ஒரு மரமில்லாத சமவெளி, அதுல ஒரு இடத்துல 146 கிலோமீட்டர் ரோடு வளைவே இல்லாம நேரா போகும். மொத தடவ போறவங்க பெர்த்லேர்ந்து ஆரம்பிங்க, அஞ்சு மணி நேர ஃபிளைட், நம்ம நேரமும் அவங்க நேரமும் ஒண்ணுதான், மார்கரெட் ரிவர் வரைக்கும் மூணு மணி நேர டிரைவ்.

காலையில பசியாறுறதுக்கு என்னோட ஓட்டு எப்பவும் ஊர் பேக்கரிக்குத்தான். எந்த சின்ன ஊருக்கு போனாலும் மெயின் ரோட்ல ஒரு பேக்கரி இருக்கும், வாசல்ல லாரியும் யூட்னு சொல்ற பிக்கப் வண்டியும் நின்னுச்சுன்னா கண்ண மூடிட்டு உள்ள போங்க. பை (மாவுக்குள்ள கறி வெச்சு சுட்டது), சாசேஜ் ரோல் எல்லாம் சூடா இருக்கும், இனிப்புக்கு வெனிலா ஸ்லைஸ், லாமிங்டன் கேக் அடுக்கி வெச்சிருப்பாங்க. ஆனா ஒண்ணு, போர்டுல வெறும் மீட் பைன்னு போட்டிருந்தா அது மாட்டுக்கறி. நம்மள்ல மாடு சாப்பிடாதவங்க நெறைய பேர், கேக்காம கடிச்சிட்டு அப்பறம் வருத்தப்படாதீங்க, சிக்கன் பை தனியா இருக்கும், சைவத்துக்கு ஸ்பினாச் அண்ட் ஃபெட்டா ரோல், வெஜிடபிள் பாஸ்டி கெடைக்கும். என் மாமியார் அந்த கீரை ரோல வெச்சுதான் பத்து நாள ஓட்டுனாங்க, ஊருக்கு ஊரு மார்க் கூட போட்டாங்க. கிரேட் ஓஷன் ரோடு போனா அப்போலோ பேல நிறுத்தி ஸ்காலப் பை சாப்பிடணும், உள்ள ஸ்காலப் சிப்பிய கறி மசாலா சாஸ்ல போட்டு வெச்சிருப்பாங்க, நம்ம கறி பஃப்புக்கு வெள்ளக்கார பங்காளி மாதிரி. அந்த ரோடு முழுசா 243 கிலோமீட்டர், பன்னெண்டு அப்போஸ்தலர் பாறையெல்லாம் பாத்துட்டு திரும்பும்போது கடலோரமாவே வராதீங்க, கோலாக் வழியா உள்நாட்டு ரோட்ல வந்தா சீக்கிரம், சாப்பிடவும் ஊருங்க இருக்கு.

கோப்பி விஷயம் ஒரு வார்த்த. கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) குடிக்கிறவங்க லாங் பிளாக் கேளுங்க, பால் வேணும்னா ஃபிளாட் வைட். ஐஸ்ட் காஃபின்னு கேட்டா பல கடையில ஐஸ்கிரீமும் கிரீமும் போட்டு வரும், கோப்பி பெங்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க (பிள்ளைங்க ஏமாறல, அவங்களுக்கு கொண்டாட்டம்).

பெரிய ஊர்ல இருக்கும்போது சந்தைக்கு போங்க, ஆனா கெழம பாத்து போங்க. மெல்பர்ன் குயின் விக்டோரியா மார்க்கெட் 1878லேர்ந்து நடக்குது, திங்களும் புதனும் லீவு, மத்த நாள் காலையிலயே போயிடணும். அங்க ஒரு வேன்ல 1950லேர்ந்து சுடச்சுட ஜாம் டோனட் போட்டு விக்கிறாங்க, கடிச்சதும் உள்ள இருக்குற ஜாம் நாக்கை சுட்டுடும், ஒரு நிமிஷம் பொறுங்க. டெலி கடைங்க இருக்குற கட்டடத்துக்குள்ள கீரையும் சீஸும் வெச்ச போரெக் கெடைக்கும், கை நெறைய வரும், விலையும் பரவால்ல. அடிலேய்டு சென்ட்ரல் மார்க்கெட் 1869லேர்ந்து இருக்கு, ஞாயித்துக்கெழம கிடையாது. ஃப்ரீமேண்டில் மார்க்கெட் 1897ல கட்டுனது, வெள்ளி சனி ஞாயிறு மட்டும். டார்வின்ல ஒரு வேடிக்க என்னன்னா அந்த ஊர்க்காரங்களுக்கு லக்சா (தேங்காப்பால் ஊத்துன கார நூடுல்ஸ்) பைத்தியம். சனிக்கெழம காலையில பாராப் மார்க்கெட்ல வெள்ளக்காரங்க வரிசையில நின்னு லக்சா வாங்குறாங்க, லக்சாவுக்கு பேர் போன நம்ம காத்தோங் ஆளுங்க பாத்தா என்ன சொல்வாங்கன்னு தெரியல, எனக்கு புடிச்சிருந்துச்சு. மழை இல்லாத மாசங்கள்ல வியாழனும் ஞாயிறும் சாயங்காலம் மிண்டில் பீச் மார்க்கெட், சாப்பாட்ட டாபாவ் (பார்சல்) பண்ணிக்கிட்டு மணல்ல உக்காந்து சூரியன் எறங்குறத பாக்கலாம்.

ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கண்டிப்பா ஒரு தடவையாவது சாப்பிடுவீங்க. விக்டோரியா பக்கம் ஃப்ளேக்னு போட்டிருந்தா அது சுறா. ஆமா, நம்ம சுறாப்புட்டு சுறா குடும்பந்தான், முள்ளு இல்லாததால பிள்ளைங்க சாப்பிட சுலபம். சைவக்காரங்க சிப்ஸ் மட்டும் போதும்னு வாங்குறதுக்கு முன்னாடி எண்ணெய் என்னன்னு கேளுங்க, சில கடையில மாட்டுக் கொழுப்புல பொரிப்பாங்க, மேல தூவுற சிக்கன் சால்ட்டும் வேணாம், சாதா உப்பு போதும்னு சொல்லிடுங்க.

வார கடைசியில பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடை பாத்தீங்கன்னா வாசல்ல தர்ம காரியத்துக்காக சாசேஜ் சுட்டு விப்பாங்க, ஒரு ரொட்டித் துண்டுல சாசேஜும் வதக்குன வெங்காயமும், 3.50 ஆஸ்திரேலிய வெள்ளி. வெங்காயத்த மேல போட்டா கீழ விழுந்து ஆளுங்க வழுக்கிடுவாங்கன்னு 2018ல வெங்காயத்த சாசேஜுக்கு அடியில போடணும்னு சொல்லிட்டாங்க, அது நாட்டுல பெரிய சர்ச்சையாவே ஆயிடுச்சு. வெங்காயமும் ரொட்டியும் மட்டும் கேட்டா சிரிச்சிக்கிட்டே குடுப்பாங்க, ஆனா எல்லாம் ஒரே தட்டுல வதக்குறதுதான்.

ராத்திரிக்கு பப்பும் கிளப்பும்தான். ஆர்எஸ்எல் கிளப்னு முன்னாள் ராணுவக்காரங்க கிளப் ஊருக்கு ஊரு இருக்கும், பௌலிங் கிளப்பும் இருக்கும், நமக்கெல்லாம் உள்ள விடுவாங்களான்னு நான் ரொம்ப நாள் தயங்குனேன், பாஸ்போர்ட்டயோ லைசென்ஸயோ காட்டி கையெழுத்து போட்டா தாராளமா விடுவாங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டு போலாம். சிக்கன் பார்மிஜானா (பொரிச்ச கோழி மேல தக்காளி சாஸும் சீஸும்) ஒரு தட்டு வாங்குனா ரெண்டு பேரு சாப்பிடலாம், மெல்பர்ன்ல அத பார்மான்னு சொல்லணும், சிட்னியில பார்மி, மாத்தி சொன்னா கிண்டல் பண்ணுவாங்க. மேல சில நேரம் பன்னி ஹாம் வெச்சிருப்பாங்க, வேணாம்னா முன்கூட்டியே சொல்லுங்க. ஹலால் பாக்குறவங்களுக்கு பப் சரிப்படாது, அவங்க துருக்கிக்காரங்க கபாப் கடையத் தேடுங்க, உள்ளூர் டவுன்லயும் இருக்கும், பல எடத்துல ஹலால் போர்டு போட்டிருப்பாங்க, ராத்திரி கொஞ்சம் லேட்டாவும் தொறந்திருக்கும். சிட்னியில லக்கெம்பா போனீங்கன்னா ஹால்டன் ஸ்ட்ரீட் முழுக்க ஹலால்தான், நோன்பு மாசத்துல ராத்திரி பூரா கேலாங் சராய் பஜார் மாதிரி கூட்டம்.

இதெல்லாம் கெடைக்காட்டி சின்ன ஊர் சீனச் சாப்பாட்டுக் கடை. நம்ம டேஸ்ட் எதிர்பாக்காதீங்க, எல்லாத்துலயும் இனிப்பு இருக்கும், ஆனா முட்டை ஃப்ரைட் ரைஸ் காப்பாத்தும், சம்பல் பாட்டில் நீங்களே கொண்டு போங்க.

நீண்ட ரோட்ல ரோட்ஹவுஸ் தவிர வேற வழியில்ல, பெட்ரோலும் சாப்பாடும் ஒரே எடத்துல, விலை கூடத்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள காலையிலேர்ந்து உக்காந்திருக்குற பைய விட்டுடுங்க, பர்கர் வித் த லாட் கேளுங்க, அத அப்பதான் போடுவாங்க, முட்டை, பீட்ரூட், சில எடத்துல அன்னாசியும் உள்ள இருக்கும். பீட்ரூட் பர்கர்லயான்னு யோசிப்பீங்க, சாப்பிட்டு பாருங்க.

இப்ப நான் சொல்ல ரொம்ப ஆசப்பட்ட விஷயத்துக்கு வர்றேன். இட்லி தோசை இல்லாம அஞ்சாவது நாள் எல்லாரும் எரிச்சலாயிடுவாங்க, அப்ப கோயிலத் தேடுங்க. சிட்னிக்கு தெக்க ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரா கோயில் வொல்லோங்காங் போற வழியில இருக்கு, சனி ஞாயிறுல அங்க கேன்டீன்ல தோசை, வடை, புளியோதரை. மெல்பர்ன்ல பெங்குயின் பாக்க ஃபிலிப் தீவுக்கு போறவங்க கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில்ல சாமி கும்பிட்டு சாப்பிட்டுட்டு போலாம். எத்தனையோ ஆயிரம் மைல் தாண்டி வாழையில மாதிரி வெட்டுன பேப்பர் தட்டுல சாம்பார் சாதம் சாப்பிட்டப்ப மாமியார் அன்னிக்குதான் மொத தடவையா இந்த நாடு நல்லாருக்குன்னு சொன்னாங்க. சிட்னியில தங்குனா பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், ஹோம்புஷ் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரங்க கடைங்க இருக்கு, கொத்து ரொட்டி, இடியாப்பம், சொதி. கொத்து காரமா வேணுமான்னு கேப்பாங்க, யோசிச்சு பதில் சொல்லுங்க. ஹாரிஸ் பார்க்ல விக்ரம் ஸ்ட்ரீட் முழுக்க இந்தியக் கடைங்கதான், வார கடைசி சாயங்காலம் நம்ம லிட்டில் இந்தியா தேக்கா மாதிரியே பார்க்கிங் கெடைக்காது.

சொந்தமா சமைக்கிறவங்களுக்கு. கேபின் வெச்ச ஹாலிடே பார்க்ல தங்குங்க, கிச்சன் இருக்கும். ரைஸ் குக்கர் கொண்டு போலாம், கரன்ட் ஒண்ணுதான் ஆனா பிளக் வேற, அடாப்டர் வேணும். ஊர் பூங்கா, கடற்கரையில எல்லாம் பட்டன அமுக்குனா சூடாகுற எலெக்ட்ரிக் பார்பெக்யூ இலவசமா இருக்கு, முட்டை, காளான், பனீர், மீனு எது வேணாலும் போடலாம், அலுமினியத் தாள் கொண்டு போனா முன்னாடி சுட்டவன் மாட்டுக்கறி உங்க பனீர்ல ஒட்டாது. சாதா மோட்டல் ரூம்ல மட்டும் தாளிக்காதீங்க. நான் காஞ்ச மிளகாய போட்டேன், அடுத்த நொடி அலாரம் கத்துச்சு, மொத்த மோட்டலும் பைஜாமாவோட கார் பார்க்ல நின்னுச்சு. ஃபயர் எஞ்ஜின் வந்தா அதுக்கும் காசு கட்டச் சொல்வாங்க, நல்லவேள வரல.

இங்கேர்ந்து சாமான் கட்டும்போது கருவேப்பில, பச்ச மிளகா, பழம், பக்குவா (வாட்டுன பன்னிக்கறி) இதெல்லாம் வீட்டுலயே வெச்சிடுங்க. மசாலாத்தூள், முறுக்கு, மேகி எதுவா இருந்தாலும் விமானத்துல குடுக்குற கார்டுல சாப்பாடு இருக்குன்னு டிக் பண்ணிடுங்க, நாங்க ஒவ்வொரு தடவையும் டிக் பண்ணி, தொறந்து காட்டி, அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டோம். மறைச்சு மாட்டுனா அபராதம் ஆயிரக்கணக்குல போகும். மாநிலத்துக்கு மாநிலமும் இந்த கெடுபிடி உண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ள நுழையும்போது பழம், காய்கறி, தேன் எல்லாத்தையும் எல்லையில போட்டுட்டுதான் போகணும், அதனால எல்லைக்கு முந்தின நாளே பழத்த தின்னு தீத்துடுங்க.

காசு விஷயத்துல ஒரு நிம்மதி, மெனுவுல போட்டிருக்குற விலைதான் விலை, நம்ம ஊர் மாதிரி பிளஸ் பிளஸ்னு சேவைக் கட்டணமும் வரியும் மேல சேக்குறது கிடையாது, டிப்ஸும் கட்டாயம் இல்ல. ஆனா ஞாயித்துக்கெழமயும் பொது விடுமுறையிலயும் பல கடையில 10, 15 சதவீதம் கூட போடுவாங்க, கார்டுக்கு ஏதும் ஏத்துறாங்களான்னும் கேட்டுக்குங்க.

டிசம்பர் ஸ்கூல் லீவுல போறவங்க இத மட்டும் மறக்காதீங்க. 25ஆம் தேதி கோல்ஸ், வூல்வொர்த்ஸ் ரெண்டு சூப்பர்மார்க்கெட்டுமே மூடியிருக்கும், பேக்கரி கிடையாது, பப் தொறந்தாலும் மாசக்கணக்குக்கு முன்னாடியே புக்கிங் முடிஞ்சிருக்கும். 24ஆம் தேதி மத்தியானத்துக்குள்ள ரொட்டி, முட்டை, பால், அரிசி, தயிர் எல்லாம் வாங்கி வெச்சிடுங்க, பெட்ரோலும் நிரப்பிடுங்க, அன்னிக்கு கிச்சன் இருக்குற ரூமா பாத்து புக் பண்ணுங்க.