‘பிராமல்கேட்’ எங்கே பொருந்தும்?
அவசரச் சட்டம் ‘பிறப்பிக்கப்பட்டது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பிராமல்கேட்’ (promulgate) என்ற வினையையே பயன்படுத்துங்கள். ‘பாஸ்’ என்று எழுதிவிட்டுப் பின்னர் திருத்த நேராது. அரசமைப்பின் 123, 213 ஆகிய பிரிவுகள், குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அவசரச் சட்டம் பிறப்பிப்பதை இச்சொல்லால்தான் குறிக்கின்றன. ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரி 21 அன்று வந்த அவசரச் சட்டம் ‘பிராமல்கேட்’ செய்யப்பட்டது. 23 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கோ ‘பாஸ்’ என்பதே சரி.

அரசாணையையும் நாம் ‘பிறப்பித்தல்’ என்றே சொல்வதால் குழப்பம் வரும். அங்கே ‘இஷ்யூ’ போதும். நெருக்கடி நிலைக்கு ‘புரொக்ளெய்ம்’. பள்ளி விடுமுறை அறிவிப்புக்கெல்லாம் ‘பிராமல்கேட்’ போட்டால் சிரிப்புத்தான் வரும்.